நல்லாப் பேசினவர்

என் பிரியத்துக்குரிய மச்சான் தேவா,

நீ போய் இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு சன்னலருகே உட்கார்ந்தவன் எழும்பவில்லை என்று உன் மகள் அருணி டொராண்டோவிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். போன வாரம் மறுபடியும் கூப்பிட்டாள். அழுது முடித்த குரல். "அங்கிள், அப்பான்ரை முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டு அடிக்கிறம். நீங்களும் ரெண்டு பக்கம் எழுதித் தரவேணும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கல்வெட்டு என்றால் ஒன்று ராஜா காலத்தது, இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்தில் சிலுவைக்குக் கீழே இருப்பது. "கல்லுலயா தாயி எழுதணும்? ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரிக்கிறாளாம். "இல்லை அங்கிள், அது புத்தகம். முப்பத்தோராம் நாள் வாற சனத்துக்குக் குடுக்கிறது. அப்பாவைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் எழுதுவினம்."

உன் ஊர்த் தமிழ் என்னை இன்னும் விட்டபாடில்லை, பார்த்தாயா?

பிறகு அவள் கேட்டாள்: "அப்பா மஸ்கட்டிலை ஒருக்கா ஒரு பெரிய கச்சேரி ஹோலையே நிப்பாட்டினவராம். கேட்டால் சிரிப்பார், முழுக்கச் சொல்லமாட்டார். அந்தக் கதையை எழுதுங்கோ." சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஐந்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். வேடிக்கைக் கதையாக எழுதினால் அரைமணி நேர வேலை. ஆனால் அதைப் படிக்கப்போவது அருணி. அவளுக்கு அதில் ஒரு பங்கு இருக்கிறது, அது அவளுக்கே தெரியாது. ஆகவே உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் கூட நின்று கேட்கட்டும்.

மஸ்கட் ரூவியில் அந்த மூன்றாம் மாடி ரூம் ஞாபகம் இருக்கிறதா? எண்பதுகளின் நடுப்பகுதி. கீழே துணிக்கடை, மேலே நாம் ஆறு பேர், சன்னலோரக் கட்டில் எனக்கு. நீயாகத்தான் விட்டுக்கொடுத்தாய். நான் எலக்ட்ரீசியன் வேலைக்குப் புதிதாக வந்திறங்கியவன். அப்பாவின் வள்ளம் பாறையில் மோதி உடைந்து கரையில் கிடந்தது. வீட்டில் எல்லோரும் என் வீசாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நீ யாழ்ப்பாணத்துக்காரன், அங்கே ஐந்து வருடப் பழசு, ஏசி மெக்கானிக்.

வந்த முதல் வாரமே உன் தமிழில் தடுக்கி விழுந்தேன். டியூட்டி முடிந்து வந்த நீ, "போர்மன் இண்டைக்கு என்னைப் பேசினவர்" என்றாய். "உன்னைப் பத்திப் பேசினாரா? நல்ல மனுசன்ல!" என்றேன். நீ கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாய். "மச்சான், எங்கடை ஊரிலை பேசுறது எண்டால் திட்டுறது. நீங்கள் பேசுறதை நாங்கள் கதைக்கிறது எண்டு சொல்லுவம். விளங்குதே?" விளங்கியது. இதை அருணி குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வாரமே எனக்கு விளங்கிவிட்டது.

நம் கம்பெனிக்குக் கடலோர ஓட்டலில் மெயின்டனன்ஸ் வேலை. அந்த ஓட்டலை ஒட்டித்தான் அந்தப் பெரிய கச்சேரி மண்டபம். தூண்களும் சிவப்பு மெத்தை நாற்காலிகளும் தொங்கும் விளக்குகளுமாக, நம் இருவர் ஊர்க் கோயில்களையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். இங்கிலாந்தில் மூடிப்போன ஒரு பழைய சினிமாக் கொட்டகையிலிருந்து அதற்கு ஓர் ஆர்கன் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். பேசாத படம் ஓடிய காலத்தில் திரைக்கு முன்னால் வாசித்தது.

எனக்கு ஆர்கன் என்றால் எங்கள் கோயிலில் சிஸ்டர் காலால் மிதித்து வாசிக்கும் பெட்டிதான். இது வேறு சாதி. வாசிக்கும் பெட்டி மேடைக்கு அடியிலிருந்து லிஃப்டில் எழும்பி வரும், ஆள் வாசித்துக்கொண்டே மேலே வருவார். அந்த லிஃப்ட் என் பொறுப்பு. சுவருக்குப் பின்னால் மரக் கதவுகளுக்குள் நூற்றுக்கணக்கான குழாய்கள். கீழே மோட்டார் ரூமில் ஒரு பெரிய காற்று மோட்டார், அதுதான் குழாய்களுக்கு மூச்சு. அந்த மோட்டாரும் ஏசியும் உன் பொறுப்பு. கொஞ்சம் சூடு ஏறினாலும் குழாய்களின் சுருதி ஓடிவிடும் என்பதால், மனிதனுக்கு இல்லாத ஏசியெல்லாம் அதற்கு இருந்தது.

வாசிக்கிறவர் மிஸ்டர் ஹாரிஸ். வெள்ளை மீசை, காலில் மெல்லிய கறுப்புச் சப்பாத்து. காலையில் அவர் பழகும்போது நமக்குச் சாயா இடைவேளை. காலி மண்டபத்தின் கடைசி வரிசையில் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்போம். விசைகளை அவர் தொட்டால் ரயில் வரும், குதிரை ஓடும், முரசு முழங்கும், உடனே நாற்பது வயலின் ஒன்றாக அழும். அவர் அழுத்தியும் தூக்கியும் மாற்றுகிற வண்ண வண்ணப் பட்டைகள் அந்தப் பெட்டியைச் சுற்றி வளைவாக இருந்தன. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. நாம் அதற்கு மிட்டாய் என்று பெயர் வைத்தோம். "இண்டைக்குத் துரை மஞ்சள் மிட்டாயைத் தொடவேயில்லை" என்பாய்.

எல்லாவற்றையும்விட உனக்குப் பிடித்தது குருவி. குழாய் அறையில் ஒரு மூலையில் விரல் நீளப் பித்தளைக் குழல், அதன் வாய் ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் கவிழ்ந்திருக்கும். காற்று வந்தால் தண்ணீர் குமிழியிட, உயிருள்ள குருவி மாதிரிக் கத்தும். அந்த ஏசியில் தண்ணீர் வற்றிவிடும். தினமும் நிரப்புவது உன் டியூட்டி இல்லை, யாருடைய டியூட்டியும் இல்லை, நீயாக எடுத்துக்கொண்டாய். காலையில் வேலைக்கு ஏறும்போதே என்னிடம் கேட்பாய்: "குருவிக்குத் தண்ணி வைச்சாச்சே?"

அருணி அப்போது கைக்குழந்தை. நீ அவளைப் படத்தில்தான் பார்த்திருந்தாய். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம். அவளையும் அவள் அம்மா மலரையும் கூட்டிக்கொள்ளக் குடும்ப வீசாவுக்கு எழுதிப் போட்டிருந்தாய், பேப்பர் நமக்கு வீசா தரும் கஃபீலின் மேசை வரை வந்துவிட்டது. "பிள்ளை வந்து இறங்கின உடனை முதல் வேலை, கொண்டுவந்து குருவியைக் காட்டுறது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? எனக்கே அந்தப் பிள்ளையின் வருகைக்கு நாள் எண்ணத் தோன்றியது.

இனி அந்த மாலைக்கு வருகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வெள்ளை உடுப்பில் ஓமானியப் பெரியவர்கள், எம்பசிக்காரர்கள், நம் முதலாளி. மிஸ்டர் ஹாரிஸ் விடியற்காலைக் காட்டைப் பற்றித் தானே கட்டிய ஓர் இசையை வாசித்துக்கொண்டிருந்தார். குருவி கத்தியது. நான் மேடை ஓரத் திரைக்குப் பின்னால், இன்டர்காம் போனுக்குப் பக்கத்தில். திடீரென்று அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்டாப்! தி ஸ்டாப்!" என்றார். மோவாயால் எதையோ காட்டினார்.

நமக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஸ்டாப் என்றால் என்ன? சைட்டில் கிரேன் போகும்போது கத்துவது. போனை எடுத்து, கீழே மோட்டார் ரூமில் இருந்த உன்னிடம், "மோட்டாரை ஸ்டாப் பண்ணுல!" என்றேன்.

"எதை? காத்து மோட்டரையோ? வடிவாக் கேட்டியே மச்சான்?"

"துரையே சொல்லுதாரு!"

"பொறு, பொறு. அந்த மிட்டாயளுக்கும் ஸ்டாப் எண்டுதான் பேர். அவர் ஒருக்கா எனக்குச் சொன்னவர். மிட்டாய் ஏதும் இறுகிப்போச்சோ எண்டு..."

"யல்லா, ஆஃப் பண்ணுல! எம் பொழப்பக் கெடுத்திராத!"

நீ ஆஃப் பண்ணினாய். மேடையைப் பார்க்கிற இடத்தில் நின்றவன் நான், கீழே இருந்த உனக்கு மேடை தெரியாது. என்னை நம்பித்தான் செய்தாய்.

அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வயலினும் குழலும் குருவியும் எல்லாம் சேர்ந்து, டயரில் காற்று இறங்குவது போல, சுருதி சரிந்து சரிந்து முனகி நின்றது. மிஸ்டர் ஹாரிஸின் விரல்கள் மட்டும் சத்தமில்லாமல் கட்டைகளில் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு யாரோ ஒருவர் அதுதான் முடிவு என்று நினைத்துக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மனுசன் எழுந்து குனிந்து வணக்கம் சொன்னார் பார், அந்தக் கம்பீரத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. நீ சொன்னதுதான் சரி. ஒரு சிவப்பு மிட்டாய் இறுகிக்கொண்டது. வந்து தூக்கிவிடச் சொல்லியிருக்கிறார்.

சபை ஏமாந்தது, முதலாளி ஏமாறவில்லை. மறுநாள் காலை மண்டப மேனேஜரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மோட்டாரை யார் அணைத்தது என்பதுதான் கேள்வி. மிஸ்டர் ஹாரிஸ் அதற்குள் ஒரு மாத லீவில் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்.

அறைக்கு வெளியே நடையில் வைத்து நீ என் கையைப் பிடித்தாய். "நீ வாயைத் திறவாதை. உனக்கு இன்னும் ஆறு மாசம் முடியேல்லை, பிளேன் ஏத்தி விட்டிடுவாங்கள். நான் பழைய ஆள். கை தவறிப் பட்டிட்டுது எண்டு சொல்லுறன். ரெண்டு சொல்லுச் சொல்லுவினம், அவ்வளவுதான்."

"ரொம்பத் திட்டினா நான் உள்ள வந்து உண்மையச் சொல்லிருவேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"சரி. வந்து சொல்லுறன், என்ன நடந்தது எண்டு."

கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தாய். காது மடல் சிவந்திருந்தது. என்னல ஆச்சு என்று கேட்டேன்.

"நல்லாப் பேசினவர், மச்சான்" என்றாய்.

தேவா, இங்கேதான் ஐந்து நாளாகப் பேனா நின்றுபோகிறது. நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "அப்பாடா! அப்போ சரி. வா, சாயா குடிப்போம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு என்னோடு வந்து சாயா குடித்தாய்.

மூன்றாம் நாள் உனக்கு மாற்றல். சலாலாவில் கம்பெனியின் ஐஸ் பிளாண்ட், கம்ப்ரஸர் டியூட்டி, கேம்ப் வாழ்க்கை. கேம்ப் ஆளுக்குக் குடும்ப வீசா கிடையாது. மேசை வரை வந்த பேப்பர் திரும்பிப் போனது. கலாஸ், முடிந்தது என்று ஒரே சொல்லில் சொன்னார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது, "குருவியை மறந்திடாதை." நான் தலையாட்டினேன். ஓடிப்போய் மேனேஜர் கதவைத் தட்ட அப்போதும் நேரம் இருந்தது. ஒரு மாதம் கழித்து மிஸ்டர் ஹாரிஸ் திரும்பி வந்து, தேவா எங்கே என்று கேட்டார். அப்போதும் இருந்தது. மாற்றல் சார் என்றேன். அவருக்குத் தான் சொன்ன ஸ்டாப் என்ன ஆனது என்றே கடைசிவரை தெரியாது.

என்னால் முடிந்தது ஒன்றுதான். தினமும் குருவிக்குத் தண்ணீர் வைத்தேன். பிறகு டேப் ரிக்கார்டரைக் கடைசி வரிசையில் வைத்து அவர் ஒரு காலையில் பழகியது முழுவதையும் பிடித்து, சலாலா போகிற பையன் ஒருவன் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்பினேன். அதே கேசட்டின் மறுபக்கத்தில் உன் குரலைப் பதிந்து நீ திருப்பி அனுப்பினாய். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நேற்று மறுபடியும் போட்டுக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டேன்:

"மச்சான், சுகமே? இஞ்சை ஒரே மழைத் தூத்தல், எங்கடை மார்கழி மாதிரிக் கிடக்குது, பறவாயில்லை. ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு மனேஜர் நல்லாப் பேசினவர் எண்டு நான் சொன்னதை, நீ உங்கடை தமிழிலை விளங்கிக் கொண்டிட்டாய் எண்டு பிறகுதான் யோசிச்சன். உன்ரை முகத்திலை ஒரு சந்தோசம் வந்தது, அதைக் கெடுக்க மனம் வரேல்லை. பிழை என்ரைதான். திட்டினவர் எண்டு வடிவாச் சொல்லியிருக்க வேணும். நீ மனசிலை ஒண்டும் வைச்சிருக்காதை. மற்றது, குருவிக்குத் தண்ணி காணாது. சத்தம் வறண்டு கேக்குது. விளிம்பு வரைக்கும் விடு."

ஒரு மனிதன் தன் குடும்பம் வந்துசேரும் வழியை இழந்துவிட்டு, சொல் சரியில்லை என்று என்னிடமே மன்னிப்புக் கேட்கிறான்! அன்று அந்தக் கேசட்டை நிறுத்திவிட்டு அழுதேன். அழுதுவிட்டு உனக்கு என்ன பதில் எழுதினேன்? "ஆமா மச்சான், உன் தமிழ் எனக்கு எங்கே புரியுது" என்று எழுதினேன்.

பொய். எனக்கு விளங்கியது, தேவா. நடையில் நின்று நீ அந்தச் சொல்லைச் சொன்னபோதே, சொல்லி முடிக்கும் முன்பே விளங்கியது. உன் காது மடலைப் பார்த்தேன். என் வீசா ஞாபகம் வந்தது, கரையில் கிடந்த வள்ளம் ஞாபகம் வந்தது. ஒரு சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம் இருந்தது, எனக்கு வசதியான ஊரில் போய் ஒளிந்துகொண்டேன். இத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்தேன். நீ கனடா போய்ச் சேர்ந்த பிறகும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனில் கதைத்தோம்! ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நீ சிரித்து மறந்திருப்பாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவ்வளவு சுலபமாக விடுபட எனக்கு என்ன யோக்கியதை?

அல்லது உனக்கும் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் எனக்கு ஒரு வழி விட்டாயா? அருணியிடம் கதையை ஏன் நீ முழுக்கச் சொல்லவில்லை?

அருணிக்கு ஏழு வயது ஆகும்வரை அவளை நீ மடியில் தூக்கவில்லை. அவள் பங்கருக்குள் இருந்து எழுதப் பழகியது, அப்பா என்றால் ஏரோகிராம் கடிதம் என்று நினைத்தது, எல்லாம் மலர் பிறகு எனக்குச் சொன்னது. அந்த ஏழு வருடத்தில் என் கை இருக்கிறது. அவளிடம் இதைச் சொல்லாமல் கல்வெட்டில் வேடிக்கைக் கதை எழுத என்னால் முடியவில்லை.

உனக்கு ஒரு செய்தி சொல்ல விட்டுப்போனது. மண்டபத்தை மாற்றிக் கட்டியபோது ஆர்கனைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து எங்கோ அனுப்பிவிட்டார்கள். அன்று மிஸ்டர் ஹாரிஸ் அந்தக் குருவிக் குழலை மட்டும் கழற்றி, கிண்ணத்தோடு என் கையில் வைத்தார். "நீதானே தண்ணீர் வைத்தவன்" என்றார். இல்லை, அது தேவா என்று சொன்னேன். அந்த ஒரு தடவைதான் உண்மை பேசினேன். உனக்கு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்து, கூடவே எழுதவேண்டிய கடிதத்துக்குப் பயந்து, என் அலமாரியிலேயே வைத்துவிட்டேன். வாயால் ஊதினாலும் கத்துகிறது. இன்று காலை ஊதிப் பார்த்தேன், பக்கத்து வீட்டுப் பூனை மதில் மேல் ஏறிவிட்டது.

நாளை காலை அருணியைக் கூப்பிடுவேன், மச்சான். அவள் இதை அச்சுக்குக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் அவள் இஷ்டம், ஆனால் என் வாயாலேயே கேட்கட்டும். கிண்ணத்தில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் விட்டு, நீ காட்டுவதாக இருந்த குருவியை முதலில் அவளுக்குக் கேட்கவைப்பேன். பிறகு இந்தக் கடிதத்தை ஒரு சொல் விடாமல் படிப்பேன். அதற்குப் பிறகு அவள் என்னை நல்லாப் பேசட்டும். இந்தத் தடவை எனக்கு விளங்கும்.

உன் மச்சான்,
ரூவி ரூமின் சன்னலோரக் கட்டில்,
சேவியர்